கணிப்பொறிக்குக் கண் பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள்

(ஆதரவாளர் கூடுகையில் கண் சிகிச்சைப் பிரிவினர் சார்பில் ஆற்றிய உரை)



செயற்கை நுண்ணறிவைப் பற்றி எளிய முறையில் உங்களுக்குச் சொல்லும்படி கண் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு காரணமும் உண்டு. சமீப காலமாக ஆதரவாளர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி வெவ்வேறு விதமாக எழுதப்பட்டு வருகிறது. "படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் கணிப்பொறி வந்துவிட்டதாமே. அதில் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா? நிபுணருக்குப் பயிற்சி, நிபுணருக்குச் சம்பளம் என்று இன்னும் ஏன் கேட்கிறீர்கள்?" என்பதே அந்தக் கேள்வி. நியாயமான கேள்விதான். கொடுக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முயற்சி செய்கிறோம்.

செயற்கை நுண்ணறிவு என்பது பெரிய கடல். நாங்கள் அன்றாடம் பார்க்கிற ஒரு வியாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சர்க்கரை வியாதியினால் கண்ணின் விழித்திரைக்கு வரும் பாதிப்பு அது. உலகம் முழுவதிலும் இவ்வகைக் கருவிகளுக்கு முதலில் பாடமாக அமைந்த வியாதிகளில் இதுவும் ஒன்று. அந்தப் பாடத்தில் நம் மதுரைக்கும் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளை நாடெங்கும் பரிசோதித்த மற்றோர் ஆய்வு, அவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதாகவும், நூற்றுக்கு நான்கு பேருக்கு அது பார்வையைப் பறிக்கும் அளவில் இருப்பதாகவும் 2022இல் தெரிவித்தது. இந்தப் பாதிப்பு ஓசையில்லாமல் வருவது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிவதில்லை. விழித்திரையிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் பலவீனப்பட்டு, குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகளாக ஆங்காங்கே புடைக்கும். பிறகு இரத்தக் கசிவுகள் வரும், மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகள் வரும். முற்றிய நிலையில், முளைக்கக்கூடாத இடத்தில் புதிய குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். அதுவரையில் நோயாளி பேப்பர் படித்துக்கொண்டும், பேருந்தின் பலகையைப் பார்த்து ஏறிக்கொண்டும் இருப்பார். "டாக்டர், நேற்று வரைக்கும் நல்லாத்தானே தெரிஞ்சுது" என்று அவர் எங்களிடம் வந்து சொல்லும்போது பல வேளைகளில் காலம் கடந்துவிட்டிருக்கும். முன்பே வந்தால் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தும் பார்வையைக் காப்பாற்றும். ஆகவே சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கொரு முறையாவது விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும். கோடிக்கணக்கான கண்களை ஆண்டுதோறும் பார்க்க நிபுணர்களுக்கு எங்கே போவது? இந்தத் தட்டுப்பாட்டில்தான் கணிப்பொறியைப் பற்றிய யோசனை பிறந்தது.

கணிப்பொறி எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதை இனி பார்ப்போம். வைத்தியப் புத்தகத்தை அதற்குள் ஏற்றிவிட்டால் அது படித்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு விழித்திரைப் படத்தைக் காட்டி, "இது பாதிப்பில்லாத கண்" என்று விடையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அடுத்த படம், "இது நடுத்தரப் பாதிப்பு". அடுத்தது, "இது முற்றியது". இப்படி ஆயிரமாயிரமாகக் கொடுக்கக் கொடுக்க, படத்திலுள்ள எந்த அடையாளம் எந்த விடையோடு சேர்ந்து வருகிறது என்று அது தனக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அது கணக்குப் போடும் வித்தையைக் கட்டியவர்கள் பொறியியலாளர்கள். விடையை எழுதியவர்கள் கண் மருத்துவர்கள். விடை தவறாக இருந்தால் கணிப்பொறி அந்தத் தவறையும் அப்படியே விசுவாசமாகக் கற்றுக்கொள்ளும்.

2016ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம் என்று சொல்லலாம். அதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பெங்களூரு நாராயண நேத்ராலயாவும் படங்கள் கொடுத்து உதவின. அமெரிக்காவிலிருந்தும் படங்கள் வந்தன. அரவிந்தைச் சேர்ந்த டாக்டர் ஆர். கிம், சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த டாக்டர் ராஜீவ் ராமன் ஆகிய விழித்திரை நிபுணர்களின் பெயர்கள் அக்கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் உள்ளன. கணிப்பொறிக்குக் கற்பிக்கப் பயன்பட்ட படங்கள் 1,28,175. அவற்றுக்கு விடை எழுத 54 கண் மருத்துவர்களை அமர்த்தினார்கள். ஒவ்வொரு படத்தையும் மூவர் முதல் எழுவர் வரை தனித்தனியே பார்த்து நிலையைக் குறித்தார்கள். ஒரு படத்துக்கு மூன்று பேர் என்று குறைவாக வைத்தாலும் கூட எத்தனை இலட்சம் தடவை ஒரு மருத்துவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பத்திரிகைகளில் கணிப்பொறியின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. இந்தப் பார்வைகள் கணக்கில் வரவில்லை. அது உலக வழக்கம்தான், விட்டுவிடுவோம்.

ஒரே படத்தை ஏன் அத்தனை பேர் பார்க்க வேண்டும்? இங்கேதான் நாங்கள் சற்று நிதானித்துப் பேச விரும்புகிறோம். ஏனெனில் இது வெளியில் அதிகம் பேசப்படாத சங்கதி. ஒரே விழித்திரைப் படத்தை இரண்டு நல்ல மருத்துவர்களிடம் கொடுத்தால் அவர்கள் எப்போதும் ஒரே விடையைச் சொல்வதில்லை. ஒருவர் "ஆரம்ப நிலை" என்பார், மற்றவர் "நடுத்தரம்" என்பார். அந்த ஆய்வில் சில படங்களை அதே மருத்துவரிடமே மறுபடியும் காட்டி, முன் சொன்னதையே சொல்கிறாரா என்று சோதித்தார்கள். பெரும்பாலும் சொன்னார்கள், எப்போதும் சொல்லவில்லை. இதைக் கேட்டு நீங்கள் பயப்பட வேண்டாம். ஒரு சிவப்புப் புள்ளி, நோயின் முதல் அடையாளமா, கேமராக் கண்ணாடியில் ஒட்டிய தூசியா, மிகச் சிறிய இரத்தக் கசிவா என்பது சில வேளைகளில் உண்மையிலேயே கடினமான கேள்வி. கண்ணுக்கு முன்னால் நோயாளி இருந்தால் மறுபடியும் பார்க்கலாம், அவரைக் கேட்கலாம், மருந்து விட்டு மணியை விரிக்கலாம். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதெல்லாம் செய்ய முடியாது.

அப்படியானால் கணிப்பொறிக்கு எந்த விடையைக் கொடுப்பது? முதலில் பெரும்பான்மை வாக்கைக் கொடுத்தார்கள். ஐந்து பேரில் மூவர் என்ன சொன்னார்களோ அதுவே விடை. பிறகு 2018இல் அதே குழுவினர் வேறொரு வழியைக் கையாண்டு பார்த்தார்கள். விழித்திரை சிகிச்சையில் தனித் தேர்ச்சி பெற்ற மூன்று நிபுணர்களிடம் படங்களைக் கொடுத்தார்கள். கருத்து வேறுபட்ட ஒவ்வொரு படத்தையும் அவர்கள் மறுபடியும் எடுத்துவைத்து, ஏன் அப்படிச் சொன்னோம் என்று காரணம் காட்டி, மூவரும் ஒத்துப்போகும் வரையில் விவாதித்தார்கள். அப்போது வெளிவந்தது முக்கியமானது. பெரும்பான்மை வாக்கு தவறிய இடங்களில் அதிகமானவை, ஊசி முனையளவான அந்த முதல் புள்ளிகளைக் கவனிக்காமல் விட்டவை. அடுத்தபடியாக, படத்தில் விழுந்த கறையை நோயென்று எண்ணியவை. அதாவது மூன்று பேர் சேர்ந்து கவனிக்காமல் விட்டால் கவனித்த ஒருவரின் சொல் எடுபடாமற் போகிறது. கணிப்பொறிக்குக் கற்பித்த படங்கள் பதினாறு இலட்சத்துக்கும் மேல். ஆனால் மூன்று நிபுணர்களும் விவாதித்துத் தீர்த்த சில ஆயிரம் படங்களைக்கொண்டு அதைச் செப்பனிட்டபோதே அதன் திறமை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. எண்ணிக்கை செய்யாததை அந்த விவாதம் செய்தது. இப்படிப் பொறுமையாக உட்கார்ந்து விவாதிக்கக்கூடிய நிபுணர் ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதை இவ்விடத்தில் நினைவுபடுத்த விரும்புகிறோம்.

நிபுணரைக் கேட்காமல் விடை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இது கண்ணைச் சேர்ந்ததல்ல, மார்பு எக்ஸ்ரேயைச் சேர்ந்தது. 2017இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 1,12,120 மார்பு எக்ஸ்ரே படங்களை ஆராய்ச்சியாளர்களுக்கென்று வெளியிட்டது. அத்தனை படங்களுக்கும் ரேடியாலஜி நிபுணர்களை உட்கார வைத்து விடை எழுதுவது ஆகிற காரியமா? ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளில் எழுதியிருந்த வார்த்தைகளைக் கணிப்பொறியே தேடியெடுத்து, இந்தப் படம் நிமோனியா, இந்தப் படம் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தது என்று முத்திரை குத்திவிட்டது. உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படங்களைக்கொண்டு தங்கள் கருவிகளுக்குக் கற்பித்து, நல்ல மதிப்பெண் வந்தது என்று மகிழ்ந்தார்கள்.

ஆஸ்திரேலியாவிலுள்ள லூக் ஓக்டன்-ரேனர் என்ற ரேடியாலஜி நிபுணர் செய்தது மிகச் சாதாரணமான காரியம். அவர் உட்கார்ந்து படங்களைப் பார்த்தார். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததென்று முத்திரை பெற்ற படங்களில் பெரும்பாலானவற்றில், அந்தக் காற்றை வெளியேற்றுவதற்காக மார்பில் ஏற்கெனவே ஒரு குழாய் செருகப்பட்டிருந்தது. அதாவது அவை சிகிச்சை தொடங்கிவிட்ட நோயாளிகளின் படங்கள். அப்படியானால் கணிப்பொறி கற்றது எதை? பின்னர் அவரும் வேறு சிலரும் சோதித்துப் பார்த்தபோது, குழாய் உள்ள படங்களில் கருவியின் மதிப்பெண் 0.94 ஆகவும், குழாய் இல்லாத படங்களில் 0.77 ஆகவும் இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் 0.87. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. மூச்சுத்திணறலோடு இரவில் வந்து சேருகிற மனிதனுக்குக் குழாய் இராது. அவனிடத்தில்தான் இந்தக் கருவி தடுமாறும். இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கணக்கு தெரிந்தால் போதாது. மார்பில் குழாய் எப்போது போடுவார்கள், ஏன் போடுவார்கள் என்று தெரிந்தவர் படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

கற்பித்து முடித்த பிறகும் நிபுணரின் வேலை முடிவதில்லை. எங்கே கோட்டைப் போடுவது என்ற கேள்வி எழும். கணிப்பொறி ஒரு படத்தைப் பார்த்து "நோய்" என்றோ "இல்லை" என்றோ நேராகச் சொல்வதில்லை. ஒரு எண்ணைக் கொடுக்கிறது. எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதை மனிதர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆய்விலேயே இரண்டு கோடுகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கோட்டில், நோயுள்ள நூறு பேரில் 90 பேரை அது பிடித்தது, நோயில்லாத நூறு பேரில் இரண்டு பேரை மட்டும் வீணாக அழைத்தது. இன்னொரு கோட்டில், நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பிடித்தது, ஆனால் நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு ஏழு பேரை வீணாக அழைத்தது.

இதை ஒரு முகாம் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சர்க்கரை நோயாளிகள் வருகிறார்கள், அவர்களில் 80 பேருக்குச் சிகிச்சைக்கு அனுப்பவேண்டிய பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கோட்டை வைத்தால் எட்டுப் பேர் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டு வீட்டுக்குப் போவார்கள், அவர்களுக்கு ஒன்று இருக்கும். இரண்டாவது கோட்டை வைத்தால் அப்படிப் போகிறவர்கள் இரண்டே பேர். ஆனால் ஒன்றுமில்லாத அறுபது பேர் கவலையோடு பேருந்து ஏறி வருவார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் கூலி வேலைக்காரர்கள். ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. மணியை விரிக்க மருந்து விடுவதால் தனியே திரும்ப முடியாது, துணைக்கு மகனோ மருமகளோ வரவேண்டும், அவர்கள் கூலியும் போயிற்று. அலைந்து வந்து "ஒன்றுமில்லை" என்று கேட்டுப் போன அம்மாள் அடுத்த ஆண்டு முகாமுக்கு வருவாளா? வராத ஆண்டில் நோய் தொடங்கினால்? கோடு எங்கே இருக்கவேண்டும் என்பதை அந்த ஊர் நோயாளிகளை அறிந்த மருத்துவர்தான் சொல்ல முடியும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் அது எழுதப்பட்டு வருவதில்லை. காசநோய்க்காக எக்ஸ்ரே வாசிக்கும் கருவிகளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தபோதும் இதே காரியத்தை வலியுறுத்தியது. அந்தந்த இடத்தில் சோதித்து அந்தந்த இடத்துக்கான அளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

கூகுளின் கண் கருவி நம் நாட்டிலேயே நேரடியாகச் சோதிக்கப்பட்டது. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. கருவியின் வாசிப்பு, அங்கே வழக்கமாகப் படங்களை வாசிக்கிறவர்களின் வாசிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. மகிழ்ச்சியான செய்தி. இதை மறைத்து, நிபுணர்களின் மேன்மையை மட்டும் பேசுவது எங்களுக்கு அழகல்ல. சுவீடனில் ஸ்தனப் புற்றுநோய்ப் பரிசோதனையில் 80,000 பெண்களை வைத்து ரேடியாலஜி நிபுணர் கிறிஸ்டினா லோங் தலைமையில் நடந்த ஆய்வில், கருவியின் துணையால் நிபுணர்கள் படம் வாசிக்கும் வேலை நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது என்றும், கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்கள் குறையவில்லை என்றும் 2023இல் அறிவித்தார்கள். அங்கேயும், ஆபத்துக் குறைவென்று கருவி சொன்ன படத்தை ஒரு நிபுணர் பார்ப்பது, ஆபத்து அதிகமென்று சொன்னதை இருவர் பார்ப்பது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். நிபுணர் பார்க்காத படம் இல்லை.

ஆனால் பெரிய மருத்துவமனையில் நன்றாக வேலை செய்த கருவி கிராமத்துக்குப் போனால் என்ன ஆகிறது? தாய்லாந்தில் 2018இலும் 2019இலும் பதினொரு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே கருவியை வைத்துப் பார்த்தார்கள். படம் தெளிவாக இல்லாவிட்டால் வாசிக்க மறுக்கும்படி அதைக் கட்டியிருந்தார்கள். எச்சரிக்கையான ஏற்பாடுதான். ஆனால் முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது வாசிக்க மறுத்துவிட்டது. காரணம் சாதாரணமானது. படம் எடுக்கும் அறை போதிய அளவு இருட்டாக இல்லை. சில இடங்களில் வேறு வேலைகளும் நடக்கும் அறையிலேயே நர்ஸ் படம் எடுக்க வேண்டியிருந்தது. இன்டர்நெட் மந்தமாக இருந்ததால் வரிசை நகரவில்லை. மறுக்கப்பட்ட நோயாளிகளை வேறொரு நாள் தூரத்திலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டும்படி சொல்ல வேண்டியதாயிற்று. சில படங்களில் ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தது. நர்ஸ் பார்த்தாலே மீதியில் நோயிருப்பது தெரியும், கருவிக்கோ விதி விதிதான்.

அங்கே காரியம் அத்தோடு கைவிடப்படவில்லை. பைசான் ருவாம்விபூன்சுக் என்ற விழித்திரை நிபுணர் தலைமையில் தாய்லாந்து மருத்துவர்கள் ஒன்பது இடங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மறுபடியும் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். கருவி சொன்ன விடையை விழித்திரை நிபுணர்களும் பார்த்துச் சரிசெய்யும் ஏற்பாட்டோடு அதை நடத்தினார்கள். முடிவு நன்றாக அமைந்தது.

இன்னுமொன்று. கருவி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். சர்க்கரைப் பாதிப்பைப் பார்க்கக் கற்ற கருவியிடம், கண் அழுத்த நோயால் நரம்பு தேய்ந்துபோன கண்ணைக் காட்டினால், "சர்க்கரைப் பாதிப்பு இல்லை" என்று சொல்லும். அது பொய்யல்ல. ஆனால் நோயாளியின் காதில் அது "கண் நன்றாக இருக்கிறது" என்றுதான் விழும். அந்தத் தாளில் என்ன வார்த்தையை அச்சிட வேண்டும் என்பதைக் கூட நிபுணர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நிபுணர் இல்லாமலே முடிவு சொல்லலாம் என்று அமெரிக்க அரசு 2018 ஏப்ரலில் அனுமதி வழங்கிய முதல் கண் கருவியைக் கட்டியவரே மைக்கேல் ஆப்ரமாஃப் என்ற விழித்திரை நிபுணர்தான். பத்து ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் 900 பேரிடம் சோதித்துத்தான் அனுமதி பெற்றார்கள். அனுமதியும், சர்க்கரைப் பாதிப்பு ஒன்றைக் கண்டறிவதற்கு மட்டுமே.

எங்களை உண்மையில் கவலைப்படுத்தும் காரியத்தைக் கடைசியாகச் சொல்கிறோம். 2016இல் கணிப்பொறி உலகின் பெரிய விஞ்ஞானியாகிய ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜி நிபுணர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்ற பொருள்படப் பேசினார். அவர் 2024இல் நோபல் பரிசு பெற்றவர், அவருடைய அறிவில் யாருக்கும் சந்தேகமில்லை. இருந்தும் இன்றைக்கும் ரேடியாலஜி நிபுணர்களுக்குத் தட்டுப்பாடுதான். அந்தப் பேச்சைக் கேட்டு எல்லாரும் பயிற்சியை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2025இல் போலந்து நாட்டிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில் கருவியின் துணையைச் சில மாதங்கள் பயன்படுத்திப் பழகிய மருத்துவர்கள், கருவி இல்லாமல் பார்க்கும்போது எப்படிப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளை முன்பு நூறு பரிசோதனைகளில் 28இல் கண்டார்கள். கருவி பழகிய பின் 22இல்தான் கண்டார்கள். ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது. ஆனாலும் அனுபவமுள்ள மருத்துவர்களுக்கே இப்படியென்றால், கருவி வந்தபின் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எதைப் பார்த்துப் பழகுவார்கள்? நாளைக்கு வேறொரு கருவிக்கு விடை எழுத யார் இருப்பார்கள்? எங்கள் பிரிவில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்கள் முதலில் தாங்கள் பார்த்துத் தங்கள் விடையை எழுதிவைத்த பிறகே கருவியின் விடையைத் திறக்கவேண்டும் என்று வைத்திருக்கிறோம். நேரம் எடுக்கத்தான் செய்கிறது. அவர்கள் முணுமுணுப்பதும் எங்களுக்குத் தெரியும்.

படங்கள் நோயாளிகளுடையவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் கருவிக்கும் எங்கள் நோயாளிகளின் படத்தைக் கொடுப்பதாக இருந்தால், அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும், பெயரையும் அடையாளத்தையும் நீக்க வேண்டும். எழுத்தறியாத ஒரு தகப்பனாரிடம் இதைச் சொல்லி விளங்கவைக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை யார் கொடுப்பது என்பதும் செலவுக் கணக்கில் வரவேண்டியதுதான்.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறோம். கேமராவும் கருவியும் வாங்கித்தர முன்வந்திருக்கும் நண்பர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அதை வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை, மிகவும் வேண்டும். ஆனால் அது ஒருமுறை கொடுக்கும் பணம். ஆண்டுதோறும் வேண்டியவை வேறு. படம் எடுக்கும் நர்ஸுக்குப் பயிற்சி வேண்டும், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வேண்டும். நோய் உண்டென்று கருவி சொன்ன எல்லாப் படங்களையும், இல்லை என்று சொன்னவற்றில் ஒரு பங்கையும் வாரத்தில் ஒரு அரைநாள் விழித்திரை நிபுணர் பார்க்க வேண்டும். இல்லை என்று சொன்னவற்றையும் பார்க்காவிட்டால் கருவி எங்கே தவறுகிறது என்று எங்களுக்கு எப்போதுமே தெரியவராது. அந்த அரைநாளில் அவருடைய வெளிநோயாளிகளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். முகாமிலிருந்து அழைக்கப்பட்டு வருகிறவர்களுக்கும் துணைக்கு வருகிறவர்களுக்கும் பேருந்துக் கட்டணம் வேண்டும். அழைத்த பிறகு லேசருக்கும் ஊசிக்கும் வழி இல்லையென்றால் கண்டுபிடித்து என்ன பயன்? உங்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் தாளில் கேமராவுக்கான தொகை முதல் வரியில் இருக்கிறது. இவையெல்லாம் அதன் கீழே தனித்தனி வரிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

மதிய உணவுக்குப் பிறகு நாங்கள் கண் பிரிவில் இருப்போம். இப்போது உபயோகிக்கும் கேமராவையும் நீங்கள் பார்க்கலாம், உங்கள் கேள்விகளையும் கேட்கலாம். உங்களில் சர்க்கரை உள்ளவர்கள், இவ்வாண்டில் இன்னும் விழித்திரையைக் காட்டாதவர்கள், தயவுசெய்து முதலில் வரிசையில் நில்லுங்கள். மணியை விரிக்க மருந்து விட நேர்ந்தால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், ஆகவே வண்டி ஓட்டி வந்தவர்கள் திரும்பிப் போக வேறொருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.